ஸ்டார் இல்லாத ரிப்போர்ட்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். எங்கள் இடத்தில் ஒரு பழக்கம். எண் அளவைத் தாண்டினால் பக்கத்தில் ஒரு ஸ்டார் அச்சாகும். ஸ்டார் இருக்கிற தாளைப் பார்த்ததும் டாக்டருக்குப் போன் போடுவோம். இல்லாத தாள் நேராகக் கவருக்குள் போய்விடும். ஒரு நாளைக்கு முந்நூறு தாள் வந்தால் எவன் உட்கார்ந்து படிப்பான்?

என் அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அறுபத்தோரு வயது, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. நாள் முழுக்க நின்றே வேலை, அதனால் முட்டி வலி, அதற்குத் தினமும் இரண்டு வலி மாத்திரை. வருஷத்துக்கு ஒரு தடவை அவளை இழுத்து வந்து நானே ரத்தம் எடுப்பேன். இந்த வருஷமும் எடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது.

"ஸ்டார் இருக்காடா?"

"ஒண்ணும் இல்லக்கா. குத்துக்கல்லாட்டம் இருக்கே."

"அப்போ மாத்திரை போடலாமா?"

"தாராளமா போட்டுக்கோ."

மூன்று வருஷமாக இதே பேச்சுதான்.

போன செவ்வாய்க்கிழமை, புதிதாக வந்த கிட்னி டாக்டரம்மா எங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரியைச் சேர்க்க வைத்தார். கிரியேட்டினின் எண்ணோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் வரி. தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நிம்மதி, அறுபதுக்குக் கீழே போனால் விடக்கூடாது என்றார். வேலையற்ற வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே, சோதித்துப் பார்க்க அக்காவின் பெயரைத் தட்டினேன்.

43 என்று வந்தது.

"மேடம், உங்க கணக்கு தப்பா வருது" என்றேன், கொஞ்சம் நக்கலாகவே. "1.4 தான் இருக்கு. எங்க அளவுக்குள்ளதான் வருது. ஸ்டாரே இல்ல."

"யாரோட அளவு? கிரியேட்டினின் தசையில இருந்து வர்ற கழிவு. மூட்டை தூக்குற ஆளுக்கு 1.4 இருந்தா பெருசா பயப்பட வேண்டாம். இந்தம்மா எப்படி இருப்பாங்க?"

"ரொம்ப ஒல்லி."

"அப்போ கழிவும் கம்மியாத்தானே இருக்கணும்? 1.4 நிக்குதுன்னா கிட்னி வெளியேத்த முடியாம திணறுதுன்னு அர்த்தம். ஒரே சட்டையை எல்லாருக்கும் மாட்டிவிட்டு, பொருந்துதுன்னு சொல்றீங்களே! பழைய ரிப்போர்ட் இருக்கா?"

இருந்தது. முதலில் 0.8, அடுத்து 1.1, இப்போது 1.4. மூன்றிலும் ஸ்டார் கிடையாது. மூன்றையும் கவரில் போட்டவன் நான்தான். முதல் வருஷத்துக்கு அந்த வரி 85 என்றது. பாதி போய்விட்டது. கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கோட்டை நோக்கி ஓடி வருவதைப் பார்க்கவே இல்லை. நானெல்லாம் ஒரு டெக்னீஷியன்!

"கிட்னியைக் கெடுக்கற வலி மாத்திரை ஏதாவது போடறாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"எந்தப் புண்ணியவான் போடச் சொன்னது?"

"நான்தான் மேடம். என் கூடப் பிறந்த அக்கா."

அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. யூரின் பாக்கணும், ரத்தமும் திரும்ப எடுக்கணும்" என்றார்.

சலவைக் கடைக்கு ஓடினேன். அக்கா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"செத்துடுவேனாடா?"

"ஐயோ, வாயைக் கழுவு!" பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "தினம் ரெண்டு மாத்திரை முழுங்கறியே, இந்த மூணு வருஷத்துல ஒரு டாக்டர்கிட்டயாவது ரிப்போர்ட்டைக் காட்டியிருக்கக் கூடாதா?"

அக்கா முட்டியைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

"முட்டி டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேப்பாருடா. 'தேவையில்ல, என் தம்பி பாத்துட்டான்'னு நான்தான் பெருமையா சொல்லிட்டு வந்துடுவேன்."