கிரேன்கார ஜார்ஜ் கார் பழகியது

சுதந்திரத்துக்குப் பிறகும் துறைமுகத்தில் மிச்சமிருந்த வெள்ளைக்கார சூப்பரண்டு, சீமைக்குக் கப்பல் ஏறுமுன் தன் பழைய ஆஸ்டின் காரை விற்றுவிட்டுப் போக நினைத்தார். ஆபீஸ்காரர்கள் ஆளுக்கொரு குறை சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். கிரேன் ஓட்டுகிற ஜார்ஜ் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிவிட்டான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை. அந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் வயிற்றிலிருந்து ரயில் எஞ்சினையே கோழிக்கூண்டிலிருந்து முட்டை எடுப்பது போல எடுத்து வைக்கிறவன் அவன். தரையிலேயே நிற்கிற ஒரு தகர டப்பா அவனை என்ன செய்துவிடும்?

சூப்பரண்டின் டிரைவர் காரை ராயபுரத்துச் சந்தில் கொண்டுவந்து விட்டு, சாவியைக் கொடுத்து, ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனான். அத்தோடு கார் நின்றுபோயிற்று. சந்துப் பிள்ளைகள் அதன் தூசியில் பெயர் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கோவிந்தம்மா பானெட்டின் மேல் வடகம் காயப்போட்டாள். ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாம் என்று ஜார்ஜ் வீட்டில் பேச்செடுத்தான்.

அவன் மனைவி ஆலிஸ் சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "டிரைவர் இன்னாத்துக்கு? நான் இல்ல?" என்றாள்.

யுத்த காலத்தில் பெண்களுக்கென்று இருந்த பட்டாளப் பிரிவில் சேர்ந்து, ஆவடி முகாமில் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டியவள் ஆலிஸ். கல்யாணத்துக்கு முன்பே ஜார்ஜுக்கு இது தெரியும். ஆனால் சின்ன வயதில் வந்துபோன அம்மை மாதிரி, எப்போதோ வந்து போய்விட்ட ஒன்று என்றுதான் அவன் அதை நினைத்திருந்தான். ஆலிஸ் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். வடகத்தைக் கோவிந்தம்மாவின் கையில் கொடுத்தாள். பானெட்டைத் தூக்கினாள். உள்ளே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஹேண்டிலை முன்னால் சொருகி ஒரே சுற்று சுற்றினாள். வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. சந்தே கைதட்டியது.

ஜார்ஜும் கைதட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதே, தனக்கு இனி இந்தக் காரில் ஓர் ஓரத்து இடம்தான் என்பது அவனுக்குப் புரிந்துபோயிற்று.

பிள்ளைகளுக்கு ஆலிஸ் பழக்கித் தர ஆரம்பித்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்ததும், ரயில்வே கூட்ஸ் ஷெட்டை ஒட்டியிருந்த காலி மைதானத்துக்குக் காரைக் கொண்டுபோனாள். மகள் ஜெசிந்தாவுக்குப் பத்து வயது, மகன் ஸ்தனிஸுக்கு எட்டு. கூடவே நீலாவும் வந்தாள். காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டுகிற கோதண்டத்தின் மகள், ஜெசிந்தாவின் சிநேகிதி. வயது பதினொன்றுதான் என்றாலும் கால் மட்டும் பதினைந்து வயதுக்காரி போல நீளம்.

ஸ்டீரிங்கைப் பிடிக்க மூன்று பேரும் அடித்துக்கொண்டார்கள். ஆலிஸ் அவர்களைக் கீழே இறக்கிவிட்டாள்.

"ஸ்டீரிங் மட்டும் வண்டி இல்ல. கீழ கீறது, உள்ள கீறது எல்லாம் சேந்துதான் வண்டி. சக்கரம் மாத்தத் தெரியாதவங்க யாரும் அந்த சீட்ல குந்தக் கூடாது."

அப்படியே ஆயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கவும், ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுக்கவும், பேட்டரி முனையில் பூத்த பச்சையை வெந்நீர் விட்டுக் கழுவவும் பழகினார்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொட்டால் முதுகில் விழும் என்று ஆலிஸ் சொல்லியிருந்தாள். ஸ்தனிஸ் தொட்டான், விழுந்தது. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்க ஜெசிந்தாவும் நீலாவும் சேர்ந்து தொங்க வேண்டியிருந்தது. நட்டைக் கழற்றுவதற்கு நீலா ஸ்பானரின் மேல் ஏறி நின்று குதித்தாள். கிளம்புமுன் வண்டியை ஒரு முறை சுற்றி வர வேண்டும் என்பது ஆலிஸ் போட்ட சட்டம். ஒரு நாள் பின்சக்கரத்தடியில் வெள்ளாடு ஒன்று குட்டியோடு படுத்திருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை யாரும் கேலி செய்யவில்லை.

இதையெல்லாம் ஜார்ஜ் சுவரோரம் நின்று, பீடி குடித்தபடி, வேறெங்கோ பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருந்தால் ஆலிஸ் சந்தோஷமாகச் சொல்லித்தந்திருப்பாள். கேட்க வாய் வரவில்லை. எட்டு வயது மகனோடு வரிசையில் நின்று, "அம்மா, கிளட்ச் எது?" என்கிற மாதிரி கேட்பதா?

ஒரு மாதம் போல ஆனதும் பிள்ளைகளுக்கு ஸ்டீரிங் கிடைத்தது. ஜெசிந்தாவுக்கும் ஸ்தனிஸுக்கும் கால் எட்டவில்லை. ஆலிஸ் மடியில் உட்கார்ந்து திருப்பினார்கள், அவள் மிதித்தாள். நீலாவுக்கு முதுகில் ஒரு தலைகாணி வைத்தால் கால் எட்டியது. அவள் மைதானத்தை முதல் கியரில் தானாக ஒரு வட்டம் வந்தபோது, முகத்தில் சிரிப்பே இல்லை. பூசையில் நற்கருணை வாங்குகிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று ஜார்ஜுக்குத் தோன்றியது.

துறைமுகத்தில் உடன் வேலை செய்கிற சுப்புராயன்தான் வினையை ஆரம்பித்து வைத்தான். "இன்னா மாமு, கார் வாங்குனியே, நீ ஓட்டி ஒரு நாளும் பாக்கலியே?" என்று கேட்டான். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். ஜார்ஜ் அன்றைக்கெல்லாம் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், பெருநாளுக்குப் பீடத்துத் துணிகளை வெளுத்துக் கஞ்சி போட ஆலிஸ் கோயிலுக்குப் போயிருந்தாள். ஜார்ஜ் சாவியை எடுத்தான். அவன் கதவைத் திறப்பதற்குள் பின்சீட்டில் மூன்று பேர் ஏறிவிட்டார்கள்.

"எறங்குங்க எல்லாம்."

"நீ இன்னும் சுத்தி வரல நைனா," என்றாள் ஜெசிந்தா.

"ஆமா மாமா, சுத்திட்டு வா," என்றாள் நீலாவும்.

அவன் சுற்றி வந்தான். ஹேண்டிலைச் சுற்றி வண்டியை எழுப்பினான். சந்து முனையைத் தாண்டும் வரை கார் தவளை போல் தத்திப் போனது. பெரிய ரோட்டில் பஸ் ஒன்று எதிரே வர, கடற்கரைப் பக்கம் திருப்பிவிட்டான். காசிமேட்டுக் குப்பத்துக்கு அந்தப் பக்கம் மணல் கெட்டியாகத்தான் தெரிந்தது. கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடிற்று. "பாத்தியா, பாத்தியா!" என்று ஜார்ஜ் கத்தினான். அந்த இரண்டாவது பாத்தியாவில் பின்சக்கரம் இரண்டும் புதைந்தன.

ஜார்ஜ் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். எஞ்சின் அலறியது. மணல் பின்னால் விசிறிப் பறந்தது.

"வுடு நைனா, காலை எடு!" என்று ஸ்தனிஸ் வீறிட்டான். "மிதிக்க மிதிக்க உள்ள பூடும்!"

காலை எடுத்தான். இறங்கிப் பார்த்தபோது கார் பாதிச் சக்கரத்துக்கு உட்கார்ந்திருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அலையும் முந்தியதைவிட ஒரு முழம் மேலே வந்து தொட்டுவிட்டுப் போனது. உயரத்தில் இருக்கும்போது பயமென்றால் என்னவென்றே அறியாத ஜார்ஜ், முழங்கால் உயரத் தண்ணீரைப் பார்த்து நடுங்கினான். காருக்காகக்கூட இல்லை. ஆலிஸின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தார்கள்.

"காத்தை எறக்கணும்," என்றாள் ஜெசிந்தா. "டயரு அகலமானா மணல்ல நிக்கும், அம்மா சொல்லிச்சு. ஸ்தனிஸு, நீ அந்தப் பக்கம். முழுசா எறக்கிடாத, பாதிதான்."

"நான் எங்க நைனாவ இட்டாரேன்," என்று நீலா குப்பத்தைப் பார்த்து ஓடினாள்.

ஜார்ஜ் மண்டியிட்டுச் சக்கரத்தின் முன்னால் மணலைக் கையால் வாரினான். அவன் மகள் பக்கத்தில் நின்று, "அங்க இல்ல நைனா, சரிவா வாரு, சக்கரம் ஏறிகினு வரணும்ல?" என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் சரிவாக வாரினான்.

கோதண்டம் நாலு ஆட்களோடும், கயிறோடும், நைந்துபோன பழைய வலை ஒரு சுமையோடும் வந்து சேர்ந்தான். வலையை மடித்துச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தார்கள். கயிற்றை முன்னால் கட்டினார்கள்.

"சரி, நீ ஏறி ஓட்டு ஜார்ஜண்ணே. நாங்க கயித்த இஸ்துக்கிறோம்," என்றான் கோதண்டம்.

ஜார்ஜ் ஸ்டீரிங்கைப் பார்த்தான். இங்கே இருக்கிறவர்களில் அதிக பலம் தனக்குத்தான், தள்ள வேண்டியவன் தான்தான் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னான்.

"நான் பின்னால தள்றேன். நீலா ஓட்டட்டும்."

"யாரு, எம் பொண்ணா?" கோதண்டம் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

நீலா ஏறி உட்கார்ந்தாள். தலைகாணி இல்லாததால் ஜெசிந்தா அவள் முதுகுக்குப் பின்னால் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். ஜார்ஜ் ஹேண்டிலைச் சுற்றிவிட்டுப் பின்னால் ஓடி, தோளைக் கொடுத்தான். அலை அவன் முழங்காலை நனைத்தது.

"ரெண்டாவது கியரு," என்று உள்ளேயிருந்து ஜெசிந்தாவின் குரல் கேட்டது. "மொதல்ல போட்டா சுத்தும். மெள்ள வுடு கிளட்ச, மெள்ள…"

எஞ்சின் இந்த முறை அலறவில்லை. முனகியது. கோதண்டமும் ஆட்களும் வலை இழுக்கிற பாட்டை எடுத்துவிட்டு இழுத்தார்கள். சக்கரம் வலையைக் கவ்வியது. கார் ஒரு சாண் நகர்ந்தது, அப்புறம் ஒரு முழம், அப்புறம் ஜார்ஜின் தோளைவிட்டே போய்விட்டது. அவன் குப்புறத் தண்ணீரில் விழுந்தான். தலையைத் தூக்கிப் பார்த்தபோது கார் கெட்டித் தரையில் ஏறிக்கொண்டிருந்தது. நீலா ஜன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டி, மேலும் கீழும் அசைத்து, வேகம் குறைக்கிறேன் என்று முறைப்படி சைகை காட்டி நிறுத்தினாள். பின்னால் வேறு எந்த வண்டியும் இல்லை. காட்டச் சொல்லித்தந்திருந்தாள் ஆலிஸ், அதனால் காட்டினாள்.

கோதண்டம் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான். "அங்கம்மா பாக்கலியே இத்த," என்றான். அங்கம்மா அவனுடைய இறந்துபோன மனைவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உப்புக் காத்து," என்றான்.

வீட்டுக்குக் காரைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். சந்தில் நீலாவை ஓட்டவிட ஜார்ஜுக்கு மனம் வரவில்லை, தான் ஓட்டவும் துணிவில்லை. வாசலில் ஆலிஸ் நின்றிருந்தாள். நனைந்த புருஷனைப் பார்த்தாள். சப்பையான டயர்களைப் பார்த்தாள். குனிந்து சக்கரத்து மணலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கடல் தண்ணியா? துரு புடிச்சிடும். குடத்த எடுங்க எல்லாரும்."

குழாயடியிலிருந்து குடம் குடமாய்க் கொண்டுவந்து காரின் அடிப்பக்கம் முழுக்கக் கழுவினார்கள். ஜார்ஜ் பம்பை வைத்துக் காற்றடித்தான். தோள்பட்டை இற்றுவிடும் போலிருந்தது. திட்டு இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தான்.

"யாரு காத்தை எறக்குனது?" என்று கேட்டாள் ஆலிஸ்.

"நாங்க," என்றான் ஸ்தனிஸ்.

"ரெண்டாவது கியரு யாரு சொன்னது?"

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். ஆலிஸ் மூன்று பிள்ளைகளையும் சேர்த்துப் பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கும் மணலுமான தலைகளை ஒவ்வொன்றாக முத்தமிட்டாள். நீலா கூச்சத்தில் நெளிந்தாள். பிள்ளைகள் போனபின் ஆலிஸ் ஜார்ஜின் பக்கத்தில் வந்து மண்ணிலேயே குந்தினாள்.

"என்னாண்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

"வெக்கமா கீது ஆலிசு."

"என்னாண்ட இன்னா வெக்கம்? பதினோரு வருசம் எங்கூட குடும்பம் பண்ணிகினுகீறே."

அவன் பம்பின் பிடியைப் பார்த்துக்கொண்டே, "நீ பட்டாளத்துல ஓட்டுனத பத்தி ஒரு நாளும் உன்னாண்ட நான் கேட்டதே இல்ல," என்றான்.

"கேளு," என்றாள் ஆலிஸ். அவன் கேட்டான். அவள் சொல்லச் சொல்ல, டயரில் தேவைக்கு மேல் காற்றேறியது இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மைதானத்தில் நாலாவது மாணவனாக ஜார்ஜ் நின்றான். சக்கரம் மாற்றும் பாடத்தை ஜெசிந்தாவிடம் ஒப்படைத்துவிட்டாள் ஆலிஸ். அந்தப் பெண் அப்பனுக்குத் துளியும் இரக்கம் காட்டவில்லை. நட்டை வரிசையாக முடுக்கினான் என்று கழற்றி மறுபடி போடச் சொன்னாள். "எதிரும் புதிருமா முடுக்கணும் நைனா. எத்தினி வாட்டி சொல்றது?" ஜார்ஜ் சரி டீச்சர் என்றான். சுப்புராயன் அந்தப் பக்கம் போனவன், நின்று வேடிக்கை பார்த்து, கடைசியில் தன் மகளையும் அடுத்த வாரம் அனுப்பலாமா என்று கேட்டான்.

ஐப்பசி மழை விட்டு ரோடு காய்ந்த பிறகு, லைசென்சும் கையில் வந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் புறப்பட்டான். ஆலிஸ் அவனுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் மூவரும் பின்னால். தண்டையார்பேட்டையைத் தாண்டியும் பின்னாலிருந்து மூன்று வாய்களும் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தன. "மாட்டு வண்டி நைனா." "கையக் காட்டு மாமா." "கியரு, கியரு." திருவொற்றியூர் தாண்டியதும் திடீரென்று சத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று கண்ணாடியில் பார்த்தான். மூவரும் உதட்டில் விரலை வைத்திருந்தார்கள்.

ஆலிஸ் தூங்கிப்போயிருந்தாள். ஜன்னலில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. கடல் காற்றில் நெற்றி மயிர் பறந்தது.

ஜார்ஜ் ஆக்ஸிலேட்டரிலிருந்து பாதிக் காலை எடுத்தான். பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி, ஹார்ன் அடிக்காமல், பின்னால் வந்த லாரிகளுக்கெல்லாம் கை காட்டி வழிவிட்டுப் போனான். இறங்கிச் சாப்பிடுவதாக இருந்த சவுக்குத் தோப்பு வந்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். தோப்பைத் தாண்டிப் போனான். பிள்ளைகள் பசியென்று சொல்லவில்லை. முகத்துவாரத்தில் தண்ணீர் குறுக்கே வந்து, ரோடே முடிந்த இடத்தில்தான் அவன் பிரேக்கை மெதுவாக, மிக மெதுவாக, மிதித்தான்.