வைக்கோல் தின்ற கல்யாணப் போர்வை

இத்தோவுக்குக் கல்யாணம் வைத்திருந்த வாரத்தில், அவள் அம்மா ஹத்தா நெய்து வைத்திருந்த கல்யாணப் போர்வை, மரப்பெட்டியின் மூடியைத் தானே தள்ளிக்கொண்டு இறங்கி, முற்றத்தைக் கடந்து தொழுவத்துக்குப் போய், கோவேறு கழுதைக்குப் போட்டிருந்த பார்லி வைக்கோலில் பாதியைத் தின்றுவிட்டது. அந்தப் பனிக்காலத்தில் வைக்கோல் விற்ற விலை அமலு ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஹத்தா போர்வையை நன்றாகத் திட்டினாள். ஆச்சரியம் ஒன்றும் படவில்லை.

அமலு என்றால் மலைப் பேச்சில் நிழல் பக்கம் என்று பொருள். பனிக்காலம் தொடங்கியதும் சூரியன் முதுகைக் காட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். வாதுமை மரம் மொட்டு வைக்கும்போதுதான் ஊருக்குள் திரும்பி வரும். அப்படிச் சூரியன் இல்லாத ஒரு நாளில்தான், கண்ணுகளா, இத்தோ மாதம் நிறையாமல் பிறந்தாள். ஒரு ரொட்டி அளவு கூட இல்லை, உடம்பெல்லாம் நீலம். அடுப்புச் சூடு போதாமல் ஹத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொழுவத்தில் இருந்த பெட்டைச் செம்மறியின் வயிற்று ரோமத்துக்குள் புதைத்து வைத்தாள். பிள்ளை வாய்விட்டு அழுகிறவரை அந்த ஆடு தீனிக்கும் எழுந்திருக்கவில்லை, தண்ணீருக்கும் எழுந்திருக்கவில்லை. 'இதன் கழுத்தில் பெருநாளுக்கும் கத்தி படாது' என்று ஹத்தா அன்றைக்கு நேர்ந்துகொண்டாள். ஆடு அதைக் காதில் வாங்கிக்கொண்டது. கத்திதான் படாது என்றான பிறகு வீணாக எதற்குச் சாக வேண்டும் என்று அது சாகாமலே இருந்துவிட்டது. அதோடு பிறந்த ஆடுகளின் பேரன் பேத்திகள் எல்லாம் கிழடாகிப் போய்ச் சேர்ந்தன. இது மட்டும் பல் விழாமல் நின்றது.

வருஷா வருஷம் அதன் ரோமத்தை வெட்டி, நூற்று, சேர்த்து வைத்துத்தான் ஹத்தா மகளுக்குக் கல்யாணப் போர்வை நெய்தாள். வெள்ளைப் போர்வை, வரிசை வரிசையாகச் சமிக்கி. ஆடு உயிரோடு இருப்பதால் போர்வைக்குத் தான் வேறு, ஆடு வேறு என்கிற எண்ணமே வரவில்லை. ஆட்டுக்குப் பசித்தால் இதற்கும் பசிக்கும். வசந்தம் வந்தால் சமிக்கிகளுக்கு நடுவே புது ரோமம் தழைக்கும். அதையும் வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டில் யாரும் காலுறை விலை கொடுத்து வாங்கியதில்லை.

இத்தோ வளர்ந்து நல்ல பெண்ணானாள். ஆனால் பிறந்த அன்றைக்கு உள்ளே போன குளிர் முழுசாக வெளியே வரவில்லை. வெயில் காலத்தில் மற்ற பெண்கள் ஓடையில் காலை நனைத்துக்கொண்டிருக்க, இவள் ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஜனவரியில் கல்யாணம் வந்து வாய்த்தது. மலையில் புத்தியுள்ளவர்கள் அறுவடை முடிந்த கையோடு கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். மாப்பிள்ளை பாஸ்ஸுவோ அகாதிர் கடற்கரையில் ஒரு ஓட்டலில் மீன் பொரிக்கிறவன். வெயில் காலம் முழுக்கக் கூட்டம் அலைமோதும். பனிக்காலத்தில்தான் லீவு கிடைக்கும். அவன் ஊர் அசம்மர், அதாவது வெயில் பக்கம், அமலுவுக்கு நேர் எதிர் சரிவு. கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான். ஆனால் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டதால் மேலே ஏறி, கணவாய் தாண்டி, அரை நாள் சுற்றி வர வேண்டும்.

பாஸ்ஸுவின் அம்மா யாம்னா பனி என்றால் காலை பத்து மணிக்கு உருகிப் போகிற ஒரு பொருள் என்று நினைத்து வாழ்ந்தவள். டவுனில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவளிடம் ஒரு வெள்ளை உடுப்பை வாடகைக்குப் பேசி அனுப்பி வைத்தாள். கைப் பக்கம் வலைத்துணி. முதுகுப் பக்கம் அதுவும் இல்லை. மறுநாள் காலையில் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பேச்சு நடந்தது. பாலம் போன பிறகு இரண்டு ஊரும் இப்படிக் கத்தித்தான் காரியம் பேசிக்கொள்வார்கள். யார் வீட்டு விஷயமும் எல்லோருக்கும் சொந்தம்.

"சம்பந்தியம்மோவ்! துணி வந்து சேர்ந்துச்சா?"

"வந்துச்சு! மிச்சம் எப்ப வரும்?"

"என்ன மிச்சம்?"

"முதுகு!"

இரண்டு சரிவிலும் சிரிப்பு உருண்டது.

"அதான் இப்ப பேஷன்! டவுன்ல எல்லாப் பொண்ணும் அதைத்தான் போடுதுங்க!"

"டவுன்ல வீட்டுக்கு வீடு ஹீட்டர் இருக்கு! எம்பொண்ணு கணவாய் ஏறி வரணும்! நான் போர்வையைப் போர்த்தித்தான் அனுப்புவேன்!"

"அந்த வைக்கோல் திங்கிற போர்வையையா? யாம்னா மவனுக்கு ஆட்டைக் கட்டி வெச்சாங்கன்னு ஊரு சொல்லவா?"

"ஆடுன்னா பால் குடுக்கும், ரோமம் குடுக்கும்! உன் நாக்கு என்னத்தக் குடுக்குது?"

ஆற்றங்கரை மில்லுக்காரர் நடுவிலிருந்து கத்தினார்: "ரெண்டு பேரும் ஆளுக்கொரு சொல் விட்டுக் குடுங்கம்மா! மாவு அரைக்கிற சத்தமே எனக்குக் கேக்கல!"

யாம்னா கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கி வந்தாள். "சரி! போர்வை பையிலே வரட்டும்! குளிருதுன்னு பொண்ணு தன் வாயால சொன்னா எடுத்துப் போர்த்திக்கட்டும்! சம்மதமா?"

"சம்மதம்!" என்றாள் ஹத்தா. மலை அதை வாங்கித் திரும்பத் திரும்பச் சொன்னது. இரண்டு ஊர் காதிலும் விழுந்த வார்த்தை, இனி மாற்ற முடியாது. உள்ளே வந்து தேநீரை ஊற்றும்போதுதான் ஹத்தாவுக்கு உறைத்தது. மணப்பெண் அப்பா வீட்டு வாசலைத் தாண்டினால் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கிறவரை வாய் திறக்கக் கூடாது. தலையையும் ஆட்டக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒருத்தி வழியில் "தண்ணி" என்று கேட்டுவிட்டாளாம். அந்த வருஷம் ஆலங்கட்டி விழுந்து மாப்பிள்ளை வீட்டு வாதுமை மரங்கள் ஒன்று பாக்கியில்லாமல் நொறுங்கிப்போயின. தேநீர் குவளையிலிருந்து வழிந்து தட்டில் நிறைந்தது. ஹத்தா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் இத்தோவுக்கு அந்த வெள்ளை உடுப்பும் பிடித்திருந்தது. சந்தையில் இரண்டு முறை பார்த்தபோது பாஸ்ஸு அவளுடைய கண்ணையும் மூக்கையும் தவிர எதையும் பார்த்ததில்லை, மீதியெல்லாம் கம்பளி. தனக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதை அவனுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அடுப்பு எரியும்போதே உடுப்பைப் போட்டுப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் கழுத்து நன்றாகத்தான் இருந்தது. உதடு மட்டும் நீலமாகிவிட்டது. கழுத்தும் வேண்டும், உயிரும் வேண்டும். இரண்டையும் கேட்க வாயில்லை.

ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இத்தோவின் சித்தி தூதா, தன் புருஷனின் பழைய பட்டாளத்துக் கோட்டு ஒன்றை உள்ளே போடச் சொன்னாள். போட்டதும் உடுப்பின் தையல் 'கிர்' என்றது. ஒருத்தி முதுகில் ஆட்டுக் கொழுப்பைத் தடவச் சொன்னாள், இன்னொருத்தி கக்கத்துக்கு ஒன்றாகச் சுட்ட உருளைக்கிழங்கை வைக்கச் சொன்னாள். கடைசியில் கம்பளிக் காலுறையை இடுப்புவரை இழுத்து, உடுப்புக்கு அடியில் ஒளித்து வைத்ததோடு வித்தை தீர்ந்துபோயிற்று. போர்வை மூலையில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்காத நேரத்தில் வந்து உடுப்பின் வலைக்கையை ஒரு வாய் மென்று பார்த்து, ருசியில்லை என்று துப்பிவிட்டுப் போயிற்று.

கல்யாணத்தன்று யாம்னா ஆட்களோடு பெண்ணை அழைத்துப்போக வந்தாள். வெல்வெட் செருப்பு, மெல்லிய மேலங்கி, வெயில் பக்கத்து நிமிர்வு. பெண்ணைப் பெற்றவள் கூடப் போகக் கூடாது என்பது வழக்கம். ஹத்தா போர்வையை மடித்துக் கழுதையின் பக்கப் பையில் வைத்து, தங்கை தூதாவிடம் ஒப்படைத்தாள். இத்தோவின் இரண்டு கையும் மருதாணி வைத்துத் துணியால் மூட்டையாகக் கட்டியிருந்தது. முகத்தில் மெல்லிய சிவப்புத் திரை. கழுதை மேல் உட்கார்ந்து வாசலைத் தாண்டும்போது அவள் கடைசியாக "அம்மா" என்றாள். அதோடு வாய் மூடியது.

கணவாயை நெருங்கியதும் காற்று பக்கவாட்டில் வந்தது. மத்தளம் அடிக்கிறவர்கள் குச்சியை விட்டுவிட்டுக் கையை அக்குளில் வைத்துக்கொண்டார்கள். இத்தோவின் முதுகில் யாரோ கத்தியைத் தட்டையாக வைத்து இழுக்கிற மாதிரி இருந்தது.

யாம்னா கழுதைக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். "என்னம்மா, குளிருதா?" என்று கேட்டாள்.

"பாத்தியா தூதா? குளிரல."

"பேசக் கூடாதுன்னு பேசாம இருக்கு, சம்பந்தி!"

"குளிருச்சுன்னா பல்லாவது தந்தியடிக்கும்ல?"

இத்தோ நாக்கை மடித்துப் பல்லுக்கு நடுவில் கொடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பல் தந்தியடிப்பது பேச்சில் சேருமா சேராதா என்று யாரும் அவளுக்குச் சொல்லி வைக்கவில்லை. வாதுமை மரங்கள் போனால் அந்த வீட்டில் சாகிறவரை அவள் தலை நிமிர முடியாது. பேசாமல் போனாலோ, அந்த வீடுவரை போய்ச் சேர்வாளா என்பதே சந்தேகம். மூட்டை கட்டிய கையைப் பைப் பக்கம் கொண்டு போனாள். விரல் இல்லாமல் என்ன செய்ய? தூதா பையின் கயிற்றைத் தொட்டாள். "வாக்கு, தூதா, வாக்கு! ரெண்டு ஊரு கேட்டுருக்கு!" என்றாள் யாம்னா. சொல்லும்போதே அவளுக்கும் தாடை ஆடியது.

அப்போதுதான் பைக்குள்ளிருந்து, "மே" என்று ஒரு சத்தம் வந்தது.

"யாரது?"

"பொண்ணு இல்ல, சம்பந்தி. போர்வை."

"பொண்ணு வாயாலன்னுதான் பேச்சு!"

அதெல்லாம் ஹத்தாவுக்கும் யாம்னாவுக்கும் நடுவில் நடந்த பேச்சு; போர்வையை யாரும் கேட்கவில்லை. அது கயிற்றை மென்று அறுத்து, சமிக்கி சலசலக்க வெளியே வந்து, கழுதையின் விலாவில் ஏறி இத்தோவின் முதுகில் படுத்துக்கொண்டது. பிறந்த அன்றைக்குப் படுத்திருந்த அதே சூடு. இத்தோவின் கண் அவளறியாமல் மூடியது. போர்வை அதோடு நிற்கவில்லை. வெல்வெட் செருப்பு உறைந்து பாதத்தோடு ஒட்டிப்போய், ஒரே இடத்தில் நின்றுவிட்ட யாம்னாவை ஒரு முறை முகர்ந்து பார்த்தது. ஒரு மூலையை நீட்டி, இடுப்பைச் சுற்றி, ஆளைத் தூக்கி மருமகளுக்கு முன்னால் வைத்து மூடிக்கொண்டது. ஆட்டுக்கு எந்தக் குட்டி குளிரில் நிற்கிறது என்பதுதான் கணக்கு, கண்ணுகளா. யார் சம்பந்தி என்று அது பார்ப்பதில்லை.

கம்பளி இருட்டுக்குள் யாம்னா பேசினாள்.

"நானும் பனிக்காலத்துலதான் வந்தேன், தெரியுமா? எங்கம்மா என்னை ஏழு கம்பளியில சுத்தி அனுப்புனா. மூட்டை இறங்குற மாதிரி இறங்குனேன். ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல. அன்னிக்கு நான் எவ்வளவு அழகு தெரியுமா? நீயாவது ஊரு பாக்க வரணும்னுதான்டி..."

இத்தோ மாமியாரின் முதுகில் கன்னத்தை வைத்தாள். "மே" என்றது போர்வை.

கழுதை அசம்மருக்குள் நுழைந்தபோது போர்வைக்குள் ஒரு உருவம்தான் தெரிந்தது. மணப்பெண் சத்தம் காட்டக் கூடாது. சத்தம் காட்டாமல் ஒரு பெண்பிள்ளை உள்ளே இருக்கிறாள், ஆகவே இதுதான் மணப்பெண் என்று வாசலில் நின்ற எல்லோரும் முடிவு செய்தார்கள். உண்மை தெரிந்த தூதாவும் மத்தளக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். யாம்னாவுக்கு வாய் இருந்தது. ஆனால் கணவாயின் குளிருக்குப் பிறகு கிடைத்த அந்தச் சூட்டில் அவளுக்குப் பேசவே தோன்றவில்லை. பாஸ்ஸு வழக்கப்படி பால் கிண்ணத்தைத் திறப்புக்குள் நீட்டினான். மடமடவென்று குடித்துக் காலி கிண்ணம் திரும்பி வந்தது. பேரீச்சம்பழத்தை ஊட்டினான், கொட்டையை அவன் கையிலேயே துப்பினாள். "பசியில வந்திருக்கா, பாவம்" என்றார்கள். பெண்கள் குலவையிட்டு, மலர்ந்த முகமே வா என்று பாடி, போர்வையை விலக்கினார்கள். கன்னம் மாதுளையாகச் சிவந்து, முடி கலைந்து, கண் பளபளக்க யாம்னா வெளிவந்தாள். குலவை பாதியில் நின்றது. அவள் புருஷன் ஹம்மு மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்று பார்த்தார்.

"அடியே, அன்னிக்கே இந்த மூஞ்சியக் காட்டியிருக்கக் கூடாதா? நாப்பது வருஷம் வீணாப் போச்சே!"

"நீங்க அன்னிக்குக் கம்பளியை எண்ணிக்கிட்டு இருந்தீங்க" என்றாள் யாம்னா. சொல்லிவிட்டுத் தானே குனிந்து வழிவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் இத்தோ இறங்கினாள். வெள்ளை உடுப்பு, சூடு குறையாத கழுத்து. பாஸ்ஸுவின் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது, எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. வாசற்படியை மிதித்து மணப்பெண் பேசுகிற முதல் வார்த்தை அந்த வீட்டுக்கு வாழ்த்து என்பதால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"கதவைச் சாத்துங்க, குளிருது" என்றாள் இத்தோ.

உடனே கதவைச் சாத்தினவள் யாம்னாதான். ஆலங்கட்டி விழவில்லை, வாதுமை அந்த வருஷம் சாதாரணமாகக் காய்த்தது.

சூரியன் நிழல் பக்கத்துக்குத் திரும்பி வந்த மாதத்தில், அசம்மரில் ஒரு காலைப் பொழுதில் போர்வை ஒரு குட்டி போட்டது. குட்டி என்றால் ஒரு முழம் நீளம், அரை முழம் அகலம். சமிக்கி இன்னும் முளைக்கவில்லை. செய்தி பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனது. "இங்க ஆடு சும்மாத்தான் படுத்திருக்கு, இது போர்வை அதும்பாட்டுக்குச் செஞ்ச வேலை!" என்று ஹத்தா கத்தினாள். அளவைப் பார்த்தால் பெரியவர்கள் யாருக்கும் ஆகாது. வீட்டுப் பெண்கள் திரும்பி இத்தோவைப் பார்த்தார்கள். இத்தோ வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

விளங்காமல் நின்றது ஒன்றுதான். குட்டிப் போர்வையின் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடியது. அந்தக் கோடு அந்த வீட்டில் ஒரே ஒரு பொருளில்தான் உண்டு: விருந்தறையில் யாம்னா யாரையும் மிதிக்க விடாமல் சுருட்டி நிறுத்தியிருந்த அவளுடைய சொந்த ஜமுக்காளத்தில். எல்லோரும் விருந்தறையின் பக்கம் பார்த்தார்கள். யாம்னா உள்ளே போய் ஜமுக்காளத்துக்கு ஓர் உதை கொடுத்தாள். பிறகு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, தாயும் பிள்ளையும் கிடந்த அடுப்பங்கரையில் விரித்துப் போட்டுவிட்டு, பெற்றவளுக்குப் பார்லி நனைக்கப் போனாள்.