யஹ்யா கேட்ட இருபத்தைந்து பவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சலூனில் கிடைத்தது. எமிரேட்ஸில், முவைலாவில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடை. ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் நாற்காலியில் இருந்தவரின் இடது காது மடலில் ஒரு துண்டு இல்லை. முடிவெட்டுகிறவர் அந்த இடம் வந்ததும் கத்தரியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினார்.

"இது எப்படிண்ணே ஆச்சு?" என்று கேட்டேன். முன்பின் தெரியாதவரிடம் கேட்கிற கேள்வி இல்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த இங்கிதம் சீக்கிரம் போய்விடுகிறது.

"கல்லுத் தெறிச்சுருச்சு சார்," என்றார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்: "கல்லு தானாத் தெறிக்கல."

அவர் பெயர் வீரபாண்டி. கமுதிக்குப் பக்கத்து ஊர். புஜைராவில் யஹ்யா என்ற பெரியவரின் வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக டிரைவர். லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமைகளில் மைத்துனரின் ரூமுக்கு முவைலா வருவார். பிறகு வந்த பல வெள்ளிகளில் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலையெங்கும் பனி பெய்துகொண்டிருந்தது. வீரபாண்டி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தப் பனித்திரைக்குள்

[நிறுத்திவிட்டேன். பனி பெய்யவில்லை. கண் கூசுகிற வெயில் என்றுதான் அவர் சொன்னார். பனியை நான் சேர்த்தேன். பனி இருந்தால் யார்மேலும் குற்றமில்லாமல் போய்விடும் அல்லவா?]

பிறகு இப்படி:

"யஹ்யா இரக்கமற்ற

[இதுவும் வேண்டாம். வீரபாண்டிக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது, ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அந்த யஹ்யா. பிள்ளைகள் வந்து கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.]

ஆகவே அலங்காரம் எதுவும் இல்லாமல், நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

3

யஹ்யாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எமிரேட்ஸில் வேட்டைக்கு அனுமதி இல்லை. அதனால் குளிர்காலம் வந்தால் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு கிர்கிஸ்தான் மலைகளுக்குக் காட்டாடு வேட்டைக்குப் போவார். வீரபாண்டியும் கூடப் போவார். சமைக்க, சுமக்க. பிறகு, எந்த வருடம் என்று சொல்ல முடியாதபடி, பார்ப்பதற்கும்.

அது சின்னதாகத்தான் ஆரம்பித்தது. போனில் வந்த எண்ணைப் படித்துச் சொன்னார். சாலைப் பலகையைச் சொன்னார். விருந்துக்கு வந்து எதிரில் நிற்பவர் யார் என்று காதோரம் சொன்னார். மலையில் துப்பாக்கியோடு படுத்திருக்கும்போது யஹ்யா திரும்பிப் பார்க்க மாட்டார். கையை மட்டும் பின்பக்கம் நீட்டி இரண்டு விரலை அசைப்பார். 'சொல்லு' என்று அர்த்தம். "பெரிய பாறைக்கு இடப்பக்கம், அர்பாப்*," என்பார் வீரபாண்டி. துப்பாக்கி மெல்ல இடப்பக்கம் நகரும். பெரியவரின் கண் மங்கிக்கொண்டு வருவது மகன்களுக்குத் தெரியாது, வழிகாட்டிக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது வீரபாண்டி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

(* முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது.)

போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை, வழிகாட்டி ஆட்டு மந்தையைத் தேடி முகட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். வீரபாண்டி கேனை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். தோளில் பழுப்புச் சால்வை. மேலே யஹ்யா தனியாக இருந்தார். துப்பாக்கிமேல் மாட்டியிருந்த தூரக்கண்ணாடியை முழு பவருக்குத் திருகி வைத்திருந்தார். பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை. பாறைகளுக்கு நடுவே பழுப்பாக ஏதோ அசைந்தது.

சத்தம் கேட்பதற்கு முன்பே தலைக்குப் பக்கத்தில் பாறை வெடித்தது என்றார் வீரபாண்டி. அப்படியே குப்புறக் கிடந்தார். தனக்கு என்ன ஆயிற்று என்று புரிவதற்குள் மேலேயிருந்து அர்பாபின் குரல் கேட்டது. தப்பிப்போன ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

காதைச் சால்வையால் அழுத்திக்கொண்டு மேலே ஏறிப் போய், "விழுந்துட்டேன் அர்பாப்," என்று சொன்னார்.

யஹ்யா பதறிப்போய்த் தன் தலைத்துணியைக் கிழித்து அவரே கட்டுப் போட்டார். கட்டிக்கொண்டே, அவர்களுக்குள் புழங்கும் அரைகுறை மொழியில் சொன்னார்: "கண்ணாடி சரியில்லை, வீரா. ஊருக்குப் போனதும் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும். இருபத்தைந்து பவர்."

4

கண்ணாடிக் கடை அஃபீஃபாவை முதல் பிரதியில் ஆணாக்கியிருந்தேன். கீழக்கரைப் பெண் ஒருத்தி புஜைராவில் துப்பாக்கிக் கண்ணாடி விற்கிறாள் என்றால் நம்ப மாட்டீர்கள் என்று நினைத்தேன். ஆனால் நடந்தது அதுதான். வேட்டைக்கும் முகாமுக்கும் சாமான் விற்கிற அந்தக் கடை அவருடைய கணவர் வீட்டாருடையது. கூடாரமும் பைனாகுலரும் பார்க்க வருகிறவர்கள் கணவரைத் தாண்டிக்கொண்டு அவரிடம்தான் கேட்பார்கள். மாற்றி எழுதியதைத் திரும்ப மாற்றிவிட்டேன்.

[இந்த இடத்தில், 'கதை எழுதுவதும் ஒரு கண்ணாடியைத் திருகுவதுதானே' என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அடித்துவிட்டேன். ஒரு மனிதர் சாக இருந்தார்.]

யஹ்யா வருவதற்கு முந்தின நாள் வீரபாண்டி தனியாகக் கடைக்குப் போனார்.

"தங்கச்சி, நாளைக்கு எங்க அர்பாப் வருவாரு. இருபத்தஞ்சு பவர் கேப்பாரு. மாஃபின்னு சொல்லிரும்மா. சின்னதா ஒண்ணக் குடுத்து விட்ரு."

"ஸ்டாக் இருக்கே அண்ணே. எதுக்கு இல்லேங்கணும்?"

வீரபாண்டி சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அஃபீஃபா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"பவர் கூடக்கூட வட்டம் சுருங்கும்ணே. இருட்டும். கை நடுக்கமும் சேந்து பெருசாத் தெரியும். முழுசாத் திருகி வச்சா பாறையும் ஒரு பழுப்புந்தான் கண்ணுல படும். மூணுல வச்சிருந்தா நீங்க எறங்குன வழி, ஓடை, கையில கேனு, எல்லாம் ஒண்ணா வந்துருக்கும்."

"அதாம்மா கேக்குறேன். சின்னதக் குடு."

"அது கண்ணு நல்லா இருக்கவுகளுக்குள்ள கணக்குண்ணே. புரை விழுந்த கண்ணுக்கு மூணும் ஒண்ணுதான், இருபத்தஞ்சும் ஒண்ணுதான். சின்னதக் குடுத்தா குண்டு பாதி வழியில நின்னுருமா? நீங்கதான் அவுககிட்டச் சொல்லணும்."

வீரபாண்டி வாசலைப் பார்த்தார். "என்னையத்தான் சுட்டாருன்னு தெரிஞ்சா அந்த மனுசன் சோறு திங்க மாட்டாரும்மா." கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "வேலையும் போயிரும்," என்றார்.

[இரண்டில் எது நிஜக் காரணம் என்று நான் கேட்டேன். "ரெண்டுந்தான் சார். எது மொதல்னு கேக்காதீக," என்றார்.]

5

மறுநாள் யஹ்யா வந்தார். அஃபீஃபா மூன்றிலிருந்து ஒன்பது பவர் வரை உள்ள கண்ணாடியை ஸ்டாண்டில் வைத்து, திறந்த வாசலைப் பார்க்கத் திருப்பினார்.

"இது வேண்டாம். இருபத்தைந்து."

அஃபீஃபா மறுக்காமல் எடுத்து வந்து மாட்டினார். பெரியவர் நாற்காலியில் குனிந்து கண்ணை வைத்தார். வீரபாண்டி எப்போதும்போல அவருக்குப் பின்னால் நின்றார். தூரத்தில், துறைமுகத்துப் பக்கம், எண்ணெய்த் தொட்டிகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஒன்றின் உச்சியில் ஓர் ஆள் கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். வெறுங்கண்ணுக்கே தெரிந்தான்.

அஃபீஃபா தனக்குத் தெரிந்த கடை அரபியில் மரியாதையாகக் கேட்டார்: "நடுத் தொட்டியின் மேலே என்ன தெரிகிறது, பெரியவரே?"

யஹ்யா வளையத்தைத் திருகினார். மறுபடி திருகினார். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கை பின்பக்கம் வந்தது. இரண்டு விரல் அசைந்தது.

'ஒரு ஆளு, பெயின்ட் அடிக்கிறான், அர்பாப்.' வீரபாண்டியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தான் இத்தனை வருடம் சொன்னதெல்லாம் சேர்ந்துதான் அந்தத் துப்பாக்கியை அன்றைக்கு ஓடைப் பக்கம் திருப்பியது என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியதாம். வாயை மூடிக்கொண்டார்.

விரல்கள் மறுபடி அசைந்தன. அந்தக் கை கொஞ்ச நேரம் வெறுமனே நீண்டிருந்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கி, முழங்காலில் போய் உட்கார்ந்தது.

யஹ்யா கண்ணாடியிலிருந்து தலையை எடுத்தார். திரும்பவில்லை.

"வீரா. அந்த மலையில் நீ விழவில்லை. அப்படித்தானே?"

[அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கட்டுப் போட்டவர் அவர். தடுக்கி விழுந்தவனுக்கு முழங்கால் சிராய்க்கும், உள்ளங்கை சிராய்க்கும். காது மட்டுமா கிழியும்? முன்பே தெரிந்து, தெரியாததுபோல இருந்திருக்கலாம். இந்த வரியை இன்னும் தெளிவாக்க எழுதியதெல்லாம் பொய்யாக வந்ததால் இப்படியே விடுகிறேன்.]

"விழல, அர்பாப்," என்றார் வீரபாண்டி.

"கலாஸ்," என்றார் யஹ்யா. முடிந்தது.

எழுந்திருக்க முயன்றார். வீரபாண்டி முழங்கையைப் பிடித்தார். அடுத்தவர் முன்னால் கைத்தாங்கலை ஒருநாளும் ஏற்காதவர், அன்றைக்குத் தட்டிவிடவில்லை. எதுவும் வாங்காமல் இருவரும் வெளியே போனார்கள். அஃபீஃபா ஸ்டாண்டிலிருந்து கண்ணாடியைக் கழற்றாமல் நெடுநேரம் நின்றிருந்தாராம்.

6

வழக்கமாகப் பின்சீட்டில் உட்காருகிறவர் அன்றைக்கு முன்கதவைத் திறந்து, வீரபாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியவரின் வீடு, மஸாஃபி என்ற ஊருக்குப் போகிற சாலையில், மலைகளுக்கு நடுவே. முன்னாலும் பின்னாலும் கல் ஏற்றிய லாரிகள். வழியில் இருவரும் பேசினார்கள்.

அதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் யஹ்யா துப்பாக்கியை மகன்களிடம் ஒப்படைத்துவிடுகிறார். இன்னொன்றில் வீரபாண்டி, இனிமேல் மலைக்கு வரமாட்டேன் என்கிறார். மூன்றாவதில் யஹ்யா வண்டியை ஓரங்கட்டச் சொல்லி

[போதும்.]

மூன்றும் தவறு. என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். வீரபாண்டி சொன்னார். முழுவதும் சொல்லி முடித்து, டீயைக் குடித்துவிட்டு, "அத மட்டும் எழுதாதீக சார். அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது," என்றார். ஆகவே அது இங்கே இருக்க வேண்டிய இடம் இது:

[                                        ]

இதற்கு மேல் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இந்தக் குளிர்காலத்திலும் இருவரும் அந்த மலைக்குப் போனார்கள், இருவரும் திரும்பி வந்தார்கள். வீரபாண்டி எனக்கு ஒரு பொட்டலம் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் கொண்டுவந்தார். துப்பாக்கியும் போனதா என்று நான் கேட்கவில்லை.

அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஒருவருக்குத் தமிழ் தெரியாது. இன்னொருவருக்கு அரபி பாதிதான் வரும். மீதிக்குக் கொஞ்சம் இந்தியும் கையும்தான். அதனால் நீளமாக மட்டும் எழுதாதீர்கள். அவர்களிடம் அவ்வளவு சொற்கள் கிடையாது.