பந்துக்குள் ஒரு தோல்துண்டு

கால்பந்து கிளப்பில் பந்து கட்டுவது வெண்டெலின் ஃபாஸின் பொறுப்பு. ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரின் நகைத் தொழிற்சாலையில் பகலெல்லாம் மோதிரத்துக்குள் பொடி எழுத்து வெட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று அவன் தலையில் கட்டிவிட்டார்கள். கோல்கீப்பரும் அவன்தான்.

பந்து என்றால் தோலுறைக்குள் ஒரு ரப்பர் பை. பைக்கு விரல் நீளத்தில் ஒரு வால். அதன் வழியாகக் காற்றடித்து, வாலை மடித்து நூலால் கட்டி, உறையிலுள்ள பிளவுக்குள் திணித்து, பிளவைத் தோல்வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். எவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டினாலும் அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மேடு நிற்கும். கொஞ்சம் கனமும் கூடும். மழை பெய்தால் தோல்வார் தண்ணீரைக் குடித்து இன்னும் கனக்கும்.

அந்த மேட்டில்தான் ஆல்வின் கூப்ளரின் ரகசியம் இருக்கிறது என்று வெண்டெலின் ஏழு வருஷமாக நம்பியிருந்தான்.

1903இல் ஆல்வின் கிளப்புக்கு வந்தபோது வயது பதினேழு. அதே தொழிற்சாலையில் தங்கம் உருக்குகிற கூடத்தில் வேலை. அப்போது எல்லோரும் பூட்ஸின் கெட்டியான மூக்கால்தான் உதைப்பார்கள். பந்து நேராகப் போகும். ஆல்வின் பாதத்தின் வெளிவிளிம்பால் பந்தைச் சீவினான். "டேய், என்னடா இது, கல்யாண வீட்டு டான்ஸா?" என்று சிரித்தார்கள். இரண்டே வருஷத்தில் சிரிப்பு நின்றது. ஐந்தாவது வருஷம் தேசிய அணியிலிருந்து கடிதம் வந்தது. இதுவரை ஐந்து ஆட்டம், நான்கு கோல். அவன் அடித்த பந்து இடது கம்பத்தைப் பார்த்துப் போகும். பாதி வழியில் மனம் மாறியதுபோல வலது பக்கம் திரும்பும்.

கனமான பக்கத்தைப் பார்த்து உதைத்தே அவன் பந்தைத் திருப்புகிறான் என்பது வெண்டெலினின் கணக்கு.

இப்போது தேசிய அணிக்கு ஒரு கோல்கீப்பர் வேண்டும். தேர்வு ஆட்டம் ஃபோர்ட்ஸ்ஹைமிலேயே. பந்து கொடுப்பது வெண்டெலினின் கிளப். ஆல்வின் ஒரு அணி, வெண்டெலின் எதிரணி. தேர்வாளர் ஒக்கெர்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "கூப்ளர் அடிக்கிறதுல ரெண்டைத் தடுங்க ஃபாஸ். இடம் உங்களுக்குத்தான்."

அன்றிரவு வெண்டெலினுக்குத் தூக்கமில்லை. மறுநாள் தொழிற்சாலையில் தங்கம் நிறுக்கும் தராசில் தோல்வாரையும் ரப்பர் வாலையும் வைத்து நிறுத்தான். அதே எடைக்கு ஒரு தோல்துண்டு வெட்டி, உறைக்குள் பிளவுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் மெழுகால் ஒட்டினான். காற்றடித்துக் கட்டி மேசையில் உருட்டிப் பார்த்தான். மேடு பட்ட இடத்தில் பந்து லேசாகத் துள்ளியது. மற்றபடி எந்தப் பக்கமும் சாயவில்லை. மொத்த எடை விதிக்குள்தான் இருந்தது. ஏமாற்று எதுவும் இல்லை. ஒழுங்கான பந்து, அவ்வளவுதான்.

ஆட்டத்தன்று மழை. பத்தாவது நிமிஷத்தில் இருபத்தைந்து தப்படி தூரத்திலிருந்து ஆல்வினுக்கு ஃப்ரீ கிக். பந்து இனி நேராகத்தான் வரும் என்று வெண்டெலின் அந்த இடது கம்பத்தை நோக்கியே பாய்ந்தான். கைக்கெட்டும் தூரத்தில் பந்து விலகி, வலது மூலையில் போய் விழுந்தது. இதுவரை அவன் பார்த்ததிலேயே பெரிய வளைவு.

வலையிலிருந்து பந்தை எடுக்க ஆல்வினே ஓடி வந்தான். "டேய் வெண்டெல், இதை என்னடா பண்ணினே?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இல்லையாவா! ஏழு வருஷமா ஒவ்வொரு பந்தோடயும் மல்லுக்கட்டுறேன்டா. நான் ஒரு பக்கம் சுத்தி விட்டா அது ஒரு பக்கம் இழுக்கும். இது சொன்ன பேச்சு கேக்குது!"

வெண்டெலினுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆணி நடுவில் இல்லாத பம்பரம் தள்ளாடிச் சாயும். நடுவில் இருந்தால் நின்று சுழலும். ஆல்வினின் கால் கொடுத்தது சுழற்சி. மேட்டின் கனம் அதைக் கெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் வெண்டெலின் பார்த்ததெல்லாம் விலங்கு மாட்டிய ஆட்டம்.

அரை மணியில் ஆல்வினின் இரண்டாவது கோல். சேறு கண்ணில் தெறித்ததால் அதைப் பாதிதான் பார்த்தான்.

இடைவேளையில் நடுவர் பந்தைக் கொண்டுவந்தார். "காத்து இறங்கிப்போச்சு. கட்டிக் கொடுங்க." பின்னாலேயே ஒக்கெர்ட், குடையோடு. "ஒண்ணையாவது பிடிங்க ஃபாஸ். ஒண்ணு போதும், நான் பேசிக்கிறேன்."

வெண்டெலின் தோல்வாரை அவிழ்த்து இரண்டு விரலை உள்ளே விட்டான். ஈரத்தில் மெழுகு பிடி விட்டிருந்தது. லேசாக இழுத்தால் துண்டு கையோடு வந்துவிடும். பந்து பழையபடி தள்ளாடும். அந்தப் பந்தை அவன் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறான். தேசிய அணியின் சட்டை அந்தப் பிளவுக்குள்ளேயே மடித்து வைத்ததுபோல இருந்தது.

ஆனால் இரண்டாவது கோல் எப்படிப் போனது? எந்த இடத்தில் திரும்பியது? இந்தத் துண்டை எடுத்துவிட்டால் அதை உலகத்தில் எவனும் இனி முழுசாகப் பார்க்க மாட்டான்.

"என்னடா, பிரசவம் பாக்குறியா?" என்று பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்.

வெண்டெலின் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். காற்றடித்தான். கட்டினான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஆல்வினுக்கு அதே தூரத்தில் ஃப்ரீ கிக். இந்தத் தடவை வெண்டெலின் கண்ணில் சேறு இல்லை. பந்து அவன் தலைக்கு ஓர் ஆள் உயரம் மேலே எழும்பியது. சுற்றுகிற வேகத்தில் அதன் ஈரம் ஒரு வளையமாகச் சிதறியது. பிறகு ஏதோ கயிற்றில் கட்டி வைத்ததுபோல வளைந்து இறங்கியது. எம்பினான். நடுவிரல் நுனியில் தோல் உரசியது, விரல் சுட்டது. பந்து வலைக்குள் கிடந்தது.

சேற்றில் மண்டியிட்டபடியே வெண்டெலின் கைதட்டினான். கோல் வாங்கிய கோல்கீப்பர் கைதட்டுவதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. ஒக்கெர்ட் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளில் ஒரு கோடு போட்டார்.

கூட்டம் கலைந்தது. ஆல்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பட்டியல்ல உன் பேரு இல்லையாம்டா."

"தெரியும்."

"தொட்டுட்டியேடா, பாவி. அதை எவனும் தொட முடியாதுன்னு நினைச்சேன்."

வெண்டெலின் விரலைப் பார்த்தான். நுனி சிவந்திருந்தது. எழுந்து, பந்தைத் துடைத்து ஆல்வின் கையில் கொடுத்துவிட்டு, கம்பங்களுக்கு நடுவே போய் நின்றான்.

"அதே இடத்துலேர்ந்து," என்றான். "இன்னொண்ணு அடி."