மேனேஜரின் புண்

மீனின் விலாவில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் செதில் உரிந்து, சதை சிவப்பாகத் தெரிந்தது. புண்ணின் ஓரம் நேராக இருந்ததுதான் என்னை உறுத்தியது. கல்லில் உரசியிருந்தால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். பதினேழு வருஷமாக மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் நான். "படியில விழுந்துட்டேன் சிஸ்டர்" என்று வருகிறவர்களின் காயத்தைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுவேன். இது பிளேடு வேலை.

காலை ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். தொட்டியில் இருப்பது ஒரே ஒரு தங்கமீன், உள்ளங்கை நீளம். ஒரு வேலையும் செய்யாமல் நாள் பூராவும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரவுண்ட்ஸ் போவதால் என் வீட்டுக்காரர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். அச்சகத்தில் தன் மேனேஜர் மேல் அவருக்கு அவ்வளவு பாசம்! இன்றைக்கு மேனேஜர் ரவுண்ட்ஸ் போகவில்லை. காற்றுக் குழாய்க்குப் பின்னால் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

எங்கள் வீட்டில் பிளேடு கிடையாது. கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பீரோவுக்குள், சாவி என் இடுப்பில். வெங்காயம் நறுக்க பீரோவைத் திறக்கிற வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் என் கொழுந்தன் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டான். பிழைத்து, சிகிச்சை முடிந்து, நேரே எங்களிடம்தான் வந்தான். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன், கோடு பிசகாத கை. "இன்னொரு தடவை அவன் கையில பிளேடைப் பார்த்தேன்னா அன்னிக்கே இல்லத்துல சேர்த்துடுவேன். நீ குறுக்க பேசக்கூடாது" என்று வீட்டுக்காரர் முதல்நாளே அவன் காதுபடச் சொல்லிவிட்டார். இல்லம் என்றால் மனநோயாளிகளை வெளியே பூட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்கிற இடம். நானும் தலையாட்டினேன்.

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"மீனை அறுத்திருக்கார் உங்க தம்பி" என்றேன்.

"சரி. இல்லத்துல பேசிட்டுக் கூப்பிடறேன். நீ ஒண்ணும் காட்டிக்காதே" என்று வைத்துவிட்டார்.

காட்டிக்காமல் இருப்பதாவது! என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது? நேரே சமையலறைக்குப் போனேன். கொழுந்தன் ஒரு கிண்ணத்தில் வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"எங்கடா பிளேடு?"

தம்பி, வாங்க, போங்க என்றுதான் அவனிடம் பேசுவேன். அன்றைக்கு எல்லாம் பறந்துவிட்டது. அவன் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினான்.

"கூர் இருக்கு அண்ணி. பார்த்து."

டப்பாவுக்குள் இருந்த பஞ்சைப் பிரித்தேன். மருத்துவமனை பிளேடு. என் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் எப்போதோ போட்டு மறந்தது. வீடு முழுக்கப் பூட்டின புத்திசாலி, தோளில் தொங்கினதைப் பார்க்கவில்லை.

"எப்ப எடுத்தே?"

"திங்கக்கிழமை."

இன்று வியாழன். மூன்று நாள் அது அவனிடம் இருந்திருக்கிறது.

"மேனேஜர் மேல வெள்ளையா ஏதோ படிஞ்சிருந்துச்சு. நீங்கதானே சொன்னீங்க, அழுகினதை எடுக்காம மருந்து போட்டா உள்ளயே சீழ் வைக்கும்னு. கொதிக்க வெச்சுதான் பிளேடைத் தொட்டேன். நல்ல சதை தெரியற வரைக்கும்தான் சுரண்டினேன்."

நான் சொன்னதுதான். ராத்திரிச் சாப்பாட்டில் கை காயக் காய வார்டுக் கதை பேசுகிறவள் நான். வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்வார், இவன் மட்டும் முகம் சுளிக்காமல் கேட்பான். மேடையில் ஒரு தட்டு. பஞ்சு, இடுக்கி, கிண்ணம், மருந்து என்று நான் வார்டில் அடுக்குகிற அதே வரிசையில் வைத்திருந்தான். சர்க்கரை நோயாளியின் காலுக்குச் செய்வதை மீனுக்குச் செய்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் முட்டியது.

என் கண் அவன் மணிக்கட்டுக்குப் போனதை அவன் பார்த்துவிட்டான். இரண்டு சட்டைக் கையையும் மடித்துவிட்டு நீட்டினான்.

"பழசுதான் அண்ணி. பார்த்துக்குங்க."

பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய தழும்புதான்.

மீன் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "ஐயையோ, சுரண்டிட்டீங்களா? மேல இருக்கற வழவழப்புதாம்மா அதுக்குத் தோலு! தனிப் பாத்திரத்துல கல்லுப்புத் தண்ணியில விடுங்க. அயோடினைத் தண்ணி கலந்து புண்ணு மேல மட்டும் ஒத்துங்க, செவுள்ல பட்டுடக் கூடாது. அரை நிமிஷத்துக்கு மேல வெளிய வெச்சுக்காதீங்க" என்றார்.

"தப்புப் பண்ணிட்டேனா அண்ணி?"

"தப்புதான். என்கிட்ட கத்துக்கிட்ட தப்பு. வாங்க தம்பி, பாத்திரத்தை எடுங்க."

வீட்டுக்காரரை உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். என்னவென்று சொல்வது? அறுக்கவில்லை, வைத்தியம் பார்த்தான் என்றா? மூன்று நாள் பிளேடை வைத்திருந்தான் என்றா? இரண்டும் உண்மைதான். முதலில் மீன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஈரத்துணியில் மேனேஜரை நான் பிடித்துக்கொண்டேன். அவன் பஞ்சை நனைத்து, செவுளுக்கு எதிர்ப்பக்கமாக, புண்ணில் மட்டும் ஒற்றினான். கோடு பிசகாத அதே கை.

மேடையில் போன் அடித்தது.

"எடுங்க, அண்ணன்தான்" என்றான்.

"அப்புறம் பேசிக்கலாம்."

"இல்லத்தைப் பத்தி சொல்லுவார் அண்ணி. நீங்க போன்ல பேசினது கேட்டுச்சு."

கேட்ட பிறகுதான் பிளேடை என் கையில் கொடுத்திருக்கிறான். அவன் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு நீட்டினான். மேனேஜரைத் துணியோடு அந்தக் கைகளில் வைத்தேன்.

போனை எடுத்து விரலை இழுத்தேன். ஈர விரலுக்குத் திரை அசையவில்லை. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் உப்புத் தண்ணீருக்குள் மீனை இறக்கி, துணியை மெல்ல உருவிவிட்டு, விரல்களை முழுதாக விரித்திருந்தான். மேனேஜர் நீந்திப் போகவில்லை. செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, அவன் உள்ளங்கை மேலேயே நின்றது.