உள்ளே ஆள் இருந்தால்

வெல்டர் கடப்பாரையோடு வக்கீல் ஆபீசுக்குள் நுழைந்தபோது வரவேற்பறைப் பெண், "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்டாள். பழக்க தோஷம். பதிலுக்கு அவள் மேசைக் கண்ணாடி தூள் தூளானது. அடுத்த நொடி ஆளாளுக்கு அலறி அடித்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார்கள். கோர்ட்டில் சிங்கம் என்று பேர் வாங்கிய சீனியர், தன் கண்ணாடி அறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். ஓட வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டவள் ஜூனியர் மட்டும்தான்.

வெல்டரின் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். அவனுடைய ரத்தம் அல்ல. கடப்பாரை ஒரு கையில், போன் மறு கையில்.

"இதை எழுதினது யாரு?"

போனில் அவர்கள் ஆபீசின் இணையதளம். 'சொத்து உங்கள் பெயரில் இருந்தால், பூட்டை உடைத்து உள்ளே செல்வது குற்றமாகாது.' எழுதியது ஜூனியர்தான். அதற்கு அடுத்தாற்போல இன்னொரு வரியும் எழுதியிருந்தாள்: உள்ளே ஆள் இருந்தால் பூட்டைத் தொடாதீர்கள், கோர்ட்டுக்குப் போங்கள். சீனியர் அதை வெட்டிவிட்டார். "நீட்டி முழக்காதே, எவனும் படிக்க மாட்டான்" என்றார். இவளும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினாள்.

"பட்டறை என் பேர்லதான் இருக்கு. அண்ணன் உள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். உடைச்சேன். அருவாளோட பாஞ்சான். நான் இதால..." வெல்டர் கடப்பாரையைப் பார்த்தான். "மண்டை பொளந்துடுச்சும்மா. என்னைத் தூக்கி வளத்தவன். பொழைப்பானான்னு டாக்டருக்கே தெரியல."

"அண்ணே, பக்கத்துக்குக் கீழ விதிமுறைன்னு ஒண்ணு போட்டிருக்கோம்..."

சட்டம் படித்த நாக்கு அப்படித்தான். கழுத்தில் கத்தி வைத்தாலும் ஷரத்து பேசும்.

"படி" என்றான்.

படித்தாள். 'இத்தளத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே.' பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர் இரண்டாகப் பிளந்தது. 'இவை சட்ட ஆலோசனை ஆகா.' அலமாரிக் கதவு பெயர்ந்து விழுந்தது. 'இவற்றை நம்பி நீங்கள் செய்யும் எதற்கும் நிறுவனம் பொறுப்பேற்காது.' இந்த முறை அடி அவள் காதோரம் சுவரில் இறங்கியது. காரை உதிர்ந்து கண்ணில் விழுந்தது.

"பொறுப்பில்லன்னா எதுக்கும்மா எழுதினீங்க? யாரு எழுதினது? அந்த ரூமுக்குள்ள பதுங்கியிருக்கானே, அவனா?"

கண்ணாடிக்குப் பின்னால் சீனியர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். வரியை வெட்டியது அவர்தான் என்று சொன்னால் இவள் தப்பித்தாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கதவு ஓர் உதைக்குத் தாங்காது. அண்ணன் மண்டை ஒன்று போதாதா என்று அவளுக்குத் தோன்றியது.

"நான்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன்."

கடப்பாரை இறங்கியது. தலையைக் காக்கத் தூக்கிய வலது கை முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மறுபடி ஓங்கியவன் அவள் முகத்தைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, கடப்பாரையைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"அந்த வரி இன்னும் அப்படியே கிடக்கும்மா. இந்நேரம் எவன் படிச்சிட்டுக் கிளம்புறானோ."

போலீஸ் வந்து அவனை மிதித்து, விலங்கு மாட்டி இழுத்துப் போனது. அதற்குப் பிறகுதான் சீனியர் தாழைத் திறந்தார். "நீ உளறினது எதுவும் ஆபீஸைக் கட்டுப்படுத்தாது. இனிமே வாயைத் திறக்காதே. ஆம்புலன்ஸ் வருது."

அவள் உடையாமல் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். இடது கையின் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

"என்ன பண்றே?"

"நீங்க வெட்டின வரியைப் போடறேன் சார்."

"பைத்தியமா உனக்கு? இப்ப மாத்தினா தப்பை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கோர்ட்ல நாறிடுவோம். உன் வேலை போயிடும், சொல்லிட்டேன்."

சீனியர் கீபோர்டைப் பிடுங்கக் கை நீட்டினார். ஜூனியர் பல்லைக் கடித்துக்கொண்டு, எலும்பு துருத்தி ரத்தம் சொட்டிய வலது கையைத் தூக்கிக் குறுக்கே வைத்தாள். அவர் அருவருத்துப் பின்வாங்கினார். அவள் மீதி எழுத்துகளையும் தட்டி முடித்து, பக்கத்தை வெளியிட்டாள்.