கதவுக்காரன் வீட்டு அலமாரி

"எந்த அலமாரி?"

"பட்டறைக்குப் பின்னாடி கிடந்துதே, ஒரு கால் ஒடிஞ்சது. காலைல வண்டி வந்துது, ஏத்தி விட்டுட்டேன். ஏன்க்கா பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

"நல்லா கேட்ட போ. குவியலுக்குப் போறதை யாராவது திறந்து பாப்பாங்களா?"

பார்க்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வீட்டுக்கு ஒரு மரச்சாமானை நெருப்புக்குக் கொடுப்பது அந்த ஊரின் வழக்கம். இழுப்பறைக்குள் பழைய கடிதங்களை வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. பிரிந்துபோனவரின் புகைப்படத்தை வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அதனால் மூடி வந்ததை மூடியபடியே அடுக்குவார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை. ஒருவனைத் தவிர.

அக்கா கையிலிருந்த திரிச் சுருளைக் கீழே வைத்தாள். ஆற்று மணலில் அவள் வரிசையாகப் புதைத்திருந்த இரும்புக் குழாய்கள் வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றன. ஊரின் வாணவேடிக்கை மொத்தமும் அவள் பொறுப்பு. சற்றுத் தள்ளி, மைதானத்தின் நடுவில், இரண்டு மாடி உயரத்துக்குக் குவியல் எழும்பியிருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"போன வார மழைல பதினோரு வாணக்குண்டு நமத்துப் போச்சு. தண்ணில ஊறப்போட்டுக் கரைச்சிடலாம்னு தனியா எடுத்து வச்சேன். அந்த அலமாரிலதான்."

தம்பியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்க ஒரு நொடி ஆயிற்று. புதுச்சட்டை போட்டிருந்தான். காலர் விறைப்பாக நின்றது.

"நமத்ததுதானே? வெடிக்காதுல்ல?"

"அடுப்புல வச்ச ஈரத்துணி எவ்வளவு நேரம்டா ஈரமா இருக்கும்? கால் மணி நேரத்துல காஞ்சிடும். அப்பதான் எல்லாரும் குவியலைச் சுத்திக் கட்டின கயிறைத் தாண்டி வந்து கை கோத்துட்டு நிப்பாங்க. கொழந்தைங்க முன்னாடி நிக்கும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"போய்ச் சொல்லணும். எடுக்கச் சொல்லணும்."

"யாரு? நாம? இன்னைக்கா?"

அவள் குவியலின் உச்சியைப் பார்த்தாள். அங்கே கதவுக்காரன் உட்கார்ந்திருந்தான். வைக்கோல் உடம்பு, கோணித் தலை, முதுகில் கட்டிய சின்னப் பலகைக் கதவு. எந்தக் காலத்திலோ ஒரு குளிர் நாளில் கொள்ளைக்காரர்கள் ஊரை வளைத்தார்களாம். மதில் ஓரிடத்தில் இடிந்தது. ஊரார் தங்கள் கட்டில், மேசை, கதவு எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்த இடைவெளியில் அடுக்கித் தீ வைத்தார்கள். தீ எரிந்தவரை எவனாலும் உள்ளே வர முடியவில்லை. ஆனால் ஒருவன் மட்டும், தீ எட்டாத ஓரத்திலிருந்து, தன் வீட்டுக் கதவைத் திரும்ப உருவிக்கொண்டு போனான். அந்த ஓட்டை வழியாக வந்தவர்கள் பதினேழு பேரை வெட்டினார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் நெருப்பு, வாணம், உச்சியில் அவன்.

அக்காவும் தம்பியும் அவன் வழி வந்தவர்கள். ரொட்டிக் கடைக்குப் போனால், "போம்போது எங்க கதவை விட்டுட்டுப் போம்மா" என்று கடைக்காரர் சொல்வார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். பள்ளியில் தம்பியின் முதுகில் அட்டையில் வெட்டிய கதவை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவன் அதோடு தெரு முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தான். அந்த ஆள் ஏன் கதவை உருவினான் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. அப்பா மட்டும் சாப்பிடும்போது ஒருமுறை சொன்னார்: "குளிருல்ல. வீட்டுல கைக்குழந்தை இருந்திருக்கும்."

இந்த ஆண்டு ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்தார்கள். முதல் பந்தம் கதவுக்காரன் வீட்டுத் தம்பிக்கு. தலைமுறை தலைமுறையாக ஒட்டியிருந்த பெயரைத் தீயில் போட்டுவிடலாம் என்று தலைவரே சொன்னாராம். மற்ற எல்லோரும் அவன் பந்தத்திலிருந்துதான் தங்கள் பந்தங்களைப் பற்றவைக்க வேண்டும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "முதல் பந்தக்காரர் வரலாம்! சீக்கிரம் வாப்பா, மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் போதும்!"

கூட்டம் சிரித்தது. அதில் குத்தல் இல்லை. அதுதான் அவனை இன்னும் கலக்கியது.

"ஒரு தடவக்கா," என்றான். "ஒரே ஒரு தடவ. ஒருவேள வெடிக்காமலே போயிடலாம்ல?"

"நான் செஞ்ச குண்டுடா அது."

அவன் திரும்பி நடந்தான். பிறகு ஓடினான். அவளும் பின்னால் ஓடினாள். மணலில் கால் புதைந்தது. அவள் மைதான விளிம்புக்கு வருவதற்குள் பந்தம் ஏற்றும் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. "நிறுத்துங்க!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக்கூட அது கேட்கவில்லை. கயிற்றின் முன்னால் இடம் பிடித்திருந்தவர்களை முழங்கையால் தள்ளினாள். "மெதுவாம்மா, நெருப்பு எங்கயும் ஓடிடாது" என்றார் ஒருவர்.

தம்பியின் கையில் பந்தம் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் அவன் தோளைத் தட்டினார். அவன் கயிற்றைத் தாண்டிக் குவியலை நோக்கி நடந்தான்.

அலமாரி இப்போது அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கீழிருந்து இரண்டாவது அடுக்கு, ஒரு நாற்காலிக்கும் தொட்டிலுக்கும் நடுவில். ஒடிந்த கால் இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. தம்பியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் கதவு!" ரொட்டிக் கடைக்காரரின் குரல். தோளில் மகளைத் தூக்கி வைத்திருந்தார். அவள் கையில் பற்றவைக்காத சின்னப் பந்தம். "கை நடுங்காம வைடா, ராஜா! என் பொண்ணு உன்கிட்டதான் பத்த வைக்கணுமாம்!"

தம்பி நின்றான்.

மணி ஓய்ந்தது. பந்தத்திலிருந்து ஒரு பொறி உதிர்ந்து அவன் புதுச்சட்டையில் விழுந்தது. அவன் தட்டிவிடவில்லை. இரண்டு அடி பின்னால் வந்தான். கயிற்றோரம் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பீப்பாய்க்குள் பந்தத்தைச் செருகினான். புஸ்ஸென்று புகை கிளம்பியது.

"என்னடா பண்ற?" என்றார் தலைவர், சிரிப்பு மாறாமலே.

அவன் அவர் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினான். அக்கா கயிற்றுக்கடியில் குனிந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் மூச்சு மைதானம் முழுக்கக் கேட்டது.

"கதவுக்காரன் வீட்டுலேருந்து பேசறேன்," என்றான். "எங்க அலமாரியத் திருப்பிக் கேக்கறேன். அதுக்குள்ள வெடிமருந்து இருக்கு. கொழந்தைங்களத் தூரமாக் கூட்டிட்டுப் போயிடுங்க. யாரும் எதையும் பத்த வைக்காதீங்க."

ஒருவரும் அசையவில்லை. எங்கேயோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினான்.

"நானும் அக்காவும் மட்டும் உருவினா மேல இருக்கறதெல்லாம் சரிஞ்சிடும். நாலு பேர் வேணும். ஒரு நாலு பேர் வந்து பிடிங்க."